லைலா கேட்ட எட்டு நாள்

லைலாவோடு யாராவது கதைக்க வந்தால் அவள் வந்தவரின் முகத்தைப் பார்க்க மாட்டாள், வானத்தைத்தான் பார்ப்பாள். மரியாதை தெரியாதவள் என்று சொல்லிவிடக் கூடாது. முற்றத்தில் ஆறு மூட்டை அவித்த நெல் படங்கு விரிப்பில் பரவிக் கிடக்கையில், மழை வருமா வராதா என்பதை விட்டால் உலகத்தில் வேறு சங்கதி ஏது? புருசன் மௌத்தான நாளில்கூட அழுகைக்கு நடுவே ஒருதரம் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி அழுதாள் என்று கல்முனையில் அவளுடைய தெருவில் சொல்வார்கள். பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் அப்படிச் சொல்ல இடம்கொடுக்கிற பெண்தான் அவள்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. நோன்பு பிறக்க மூன்று கிழமைகூட இல்லை. வயல்களில் வெட்டு நடந்துகொண்டிருந்தது, தெருவெல்லாம் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரங்கள். விடியுமுன்பே உமியடுப்பை மூட்டி இரண்டு பீப்பா அவித்து இறக்கியிருந்தாள் லைலா. காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு நிற்கும்போது சிவரூபினி மிஸ்ஸின் ஸ்கூட்டி கேற்றடியில் வந்து நின்றது. சிவரூபினி அந்தப் பகுதியில் கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற மருத்துவமாது, பாண்டிருப்புத் தமிழ்ப் பெண். அந்தத் தெருவில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் பாதிப் பேரைத் தராசில் போட்டு நிறை பார்த்தவள் அவள்தான்.

"லைலாக்கா, வேன் பேசியாச்சா?"

லைலா கிழக்கே பார்த்தாள். கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

"என்ன வேன் மிஸ்?"

"என்னக்கா இப்பிடிக் கேக்கிறீங்க? நாளைக்குப் புதன். ஹுஸ்னியாவுக்கு முப்பத்தாறாம் கிழமை துவங்குது. நாளைக்குக் கண்டியில கொண்டுபோய் வார்ட்டில நிப்பாட்டச் சொல்லித்தானே டொக்டர் துண்டு எழுதித் தந்தவர்?"

"ஞாபகம் இரிக்கி மிஸ்."

"ஞாபகம் இருந்தாக் காணாதக்கா. ஆள் போகோணும்."

"போவம். இன்ஷா அல்லாஹ் ரெண்டு நாளையில போவம். இந்த நெல்ல அள்ளிப்போட்டு..."

"நெல்லா இப்ப பெரிசு?" என்று சிவரூபினி குரலை உயர்த்தினாள். பிறகு அக்கம்பக்கம் பார்த்துத் தணித்தாள். அவளுக்கும் தெரியும், இந்த வீட்டில் இந்தக் கதையை மெதுவாகத்தான் கதைக்க வேண்டும். "அக்கா, இப்பிடிப் புள்ளையள் சொல்லாமக் கொள்ளாம முந்திப் பிறக்கிறதுகள். நான் பயங்காட்டேல்ல."

நான்கு மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை ஸ்கேன் அறையில் டொக்டர் திரையைத் திருப்பிக் காட்டியபோது லைலாவும் மூத்த மகள் ஹுஸ்னியாவுக்குப் பக்கத்தில் நின்றாள். சாம்பல் நிறத்தில் என்னமோ அசைந்தது. டொக்டர் ஒரு தாளை எடுத்து உருண்டையாகப் பிள்ளையின் வயிற்றை வரைந்தார், தொப்புளுக்குப் பக்கத்தில் சின்ன ஓட்டை போட்டார், ஓட்டைக்கு வெளியே வளைந்து வளைந்து ஒரு கோடு இழுத்தார்.

"இது குடல். உள்ளுக்கு இருக்கவேண்டியது, வெளியில வந்து தண்ணிக்குள்ள மிதக்குது. இதைத் தவிர பிள்ளைக்கு ஒரு குறையும் இல்ல. இருதயம் நல்லம், மூளை நல்லம். இது பிழைக்கிற பிள்ளை. பிறந்த அண்டைக்கே குடலை உள்ளுக்கு வைச்சுத் தைச்சாச் சரி. ஆனா அந்த ஒப்பரேஷன் செய்யிற இடத்தில பிறக்கவேணும். இங்க பிறந்து அங்க ஓடுறதெண்டா அஞ்சு மணித்தியாலம். அந்த ஓட்டத்தைப் பிள்ளை தாங்குமெண்டு சொல்ல மாட்டன்."

ஹுஸ்னியா கட்டிலில் கிடந்தபடி தாளையே பார்த்தாள். லைலா கேட்ட முதல் கேள்வி வேறு.

"டொக்டர், இது எங்கட பக்கத்தால வந்த வருத்தமா?"

"இது யாற்ற பக்கத்தாலயும் வாறதில்ல அம்மா. வயித்துச் சுவர் மூடுப்படேல்ல, அவ்வளவுதான்."

டொக்டர் சொன்னது உண்மை. ஆனால் டொக்டர் பெண் கொடுக்கவும் மாப்பிள்ளை எடுக்கவும் வருகிற ஆளில்லையே. லைலாவுக்கு மூத்தவளாக ஒரு ராத்தா இருந்தாள். ராத்தாவுக்குப் பிறந்த பிள்ளைக்குத் தலை பெரிது, கால் சூம்பியிருந்தது. ஒன்பது வருசம் தரையில் தவழ்ந்து திரிந்துவிட்டு மௌத்தானது. அந்த ஒன்பது வருசத்தில் லைலாவுக்கு வந்த மூன்று மாப்பிள்ளைமாரும் வாசலோடு திரும்பினார்கள். இந்தக் கரையில் குடி என்பது தாய்வழி வருகிற வம்சம். ராத்தாவும் தங்கச்சியும் ஒரே குடி, ஆகவே ராத்தாவின் வயிற்றில் நடந்தது தங்கச்சியின் வயிற்றிலும் நடக்கும் என்பது ஊரின் கணக்கு. முப்பதாவது வயதில், பெண்டாட்டி மௌத்தான ஒரு ஆளுக்குத்தான் லைலாவைக் கொடுத்தார்கள். அவர் தங்கமான மனிதர்தான். இருந்தாலும் அந்த மூன்று வாசல்களை லைலா மறக்கவில்லை.

இப்போது இளையவள் நதீராவுக்கு நிக்காஹ் பேசியிருந்தது. மாப்பிள்ளை அர்ஹம் பள்ளிக்கூட வாத்தியார். அடுத்த வியாழன் நாள். அதைத் தாண்டினால் நோன்பு, நோன்பைத் தாண்டினால் மாப்பிள்ளை வீட்டாருக்கு யோசிக்க நேரம் கிடைத்துவிடும். பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பது இங்கத்தைய வழக்கம். குவைத்தில் ஏழு வருசம் அடுத்தவன் வீட்டைத் துடைத்துப் பழைய வீட்டை ஹுஸ்னியாவுக்கும், அதன் பிறகு நெல் அவித்து அவித்துப் பக்கத்து வளவில் புது வீட்டை நதீராவுக்கும் கட்டி முடித்திருந்தாள் லைலா. பெண் கேட்டு வந்த அன்றைக்கே அர்ஹமின் உம்மா றஹ்மத்தும்மா நேரே கேட்டாள்: "ஒங்கட ராத்தாட புள்ள ஒண்டு ஒரு மாதிரி இருந்ததெண்டு கேள்விப்பட்டம்?" ராத்தா சூலோடு கிணற்றடியில் விழுந்ததால் வந்தது என்று லைலா அல்லாஹ்வின் மேல் சத்தியம் பண்ணினாள். கிணற்றடியும் பொய், விழுந்ததும் பொய். இனி ஹுஸ்னியாவின் வயிற்றுக் கதை வெளியே வந்தால் சத்தியமும் போகும், சம்பந்தமும் போகும்.

ஆகவே நான்கு மாதமாக இது, டொக்டரை விட்டால், லைலா, ஹுஸ்னியா, சிவரூபினி மிஸ் என்று மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விசயம். கட்டாரில் லொறி ஓட்டுகிற ஹுஸ்னியாவின் புருசன் முஸ்தாக்குக்குக்கூடச் சொல்லவில்லை. முஸ்தாக்கின் காதும் அவன் உம்மாவின் காதும் ஒன்றுதான். அவன் உம்மா வீடு றஹ்மத்தும்மா வீட்டுக்குப் பின்வளவு.

சிவரூபினி போன கையோடு தூறல் விழுந்தது. லைலா கத்தினாள். ஹுஸ்னியாவும் நதீராவும் ஓடிவந்தார்கள். படங்கின் நாலு மூலையையும் இழுத்து நெல்லைக் குவித்து மூடுவதற்குள் மூன்று பேரும் நனைந்து போனார்கள். "நீ தூக்காத, நீ தூக்காத" என்று லைலா மூத்தவளைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தாள். லைலா பிடித்திருந்த மூலைக்கு எதிர்மூலையை ஹுஸ்னியாதான் தூக்கினாள், வேறு ஆளில்லை.

மத்தியானம் நதீரா சட்டை தைக்கிற வீட்டுக்குப் போய்விட்டாள். மாங்காய் போட்ட கீரிமீன் ஆணம், சோறு, பொரித்த மிளகாய். மூத்த மகளுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு லைலா எதிரே உட்கார்ந்தாள். மழை விட்டு வெயில் அடிக்கத் தொடங்கியிருந்தது, ஆனால் இன்றைக்கு அவள் வெளியே பார்க்கவில்லை.

"மகள், எனக்கு எட்டு நாள் தா."

ஹுஸ்னியா பிசைந்த கையோடு நிமிர்ந்தாள்.

"நாளைக்குப் போகாம அடுத்த வியாழன் ராவோட போவம். பகல் நிக்காஹ் முடிஞ்சிரும். பொறகு யாருக்குத் தெரிஞ்சாலும் ஒண்ணுமில்ல."

"டொக்டர் முந்திப் பொறக்குமெண்டு சொன்னாரே உம்மா."

"டொக்டர்மார் அப்பிடித்தான். தலப்புள்ள நாள் தள்ளித்தான் வாறது. நீயும் பத்து நாள் பிந்தித்தான் வந்த."

"பிரஷர் எண்டு சொல்லிப்போட்டுப் போவமே."

"பிரஷருக்கு ஆராவது கண்டிக்குப் போறதா? இங்க இவ்வளவு பெரிய ஆசுபத்திரிய வெச்சிக்கிட்டு? தங்கச்சிட கலியாணத்துக்கு ராத்தா இல்லயெண்டா ஊரு சும்மா இரிக்குமா? றஹ்மத்தும்மா மோப்பம் புடிச்சிருவா."

"எண்ட புள்ளைக்கி என்னவும் ஆகினா?"

"ஒண்ணும் ஆகா. நான் நேந்துக்கிட்டு இரிக்கன்."

"நான் மாட்டனெண்டு சொன்னா?"

"மாட்டனெண்டா போ. இப்பவே வேன் பேசுறன். நதீராட நிக்காஹ் நிண்டா நிக்கட்டும். அவளும் என்னப்போல முப்பது வயசு மட்டும் வாசலப் பாத்துக்கிட்டு இருக்கட்டும். நீ ஒண்ட புள்ளய மடியில வெச்சிக்கிட்டு அவட மொகத்தப் பாத்துக்கிட்டு இரி."

இப்படிக் கேட்பதற்குக் கேட்பது என்று பெயரில்லை. ஹுஸ்னியா சோற்றை இரண்டு வாய் தின்றாள். அவளுக்குப் பிள்ளையின் நிறை தெரியும், தலையின் அளவு தெரியும், நெஞ்சு துடிக்கிற வேகம் தெரியும். குடல் தைத்துச் சுகமான பிள்ளைகளின் படங்களை ஃபோனில் தேடித்தேடிப் பார்த்து வைத்திருந்தாள், ஆனால் தாயை எதிர்த்துப் பேச அவளுக்குத் தெரியாது. அப்படித்தான் லைலா வளர்த்திருந்தாள்.

"சரி உம்மா. எட்டு நாள்தானே."

புதன் கழிந்தது. வியாழன் றஹ்மத்தும்மா இரண்டு பெண்களோடு புது வீட்டைப் பார்க்க வந்தாள். தரை டைலைத் தடவினாள், குழாயைத் திறந்து மூடினாள். கடைசியில் ஹுஸ்னியாவைக் கூப்பிட்டு, கேளாமலே வயிற்றில் கை வைத்தாள்.

"நல்ல பாரமான புள்ள. ஆம்புளப் புள்ளதான். எத்தின மாசம்?"

"எட்டு முடியுது மாமி."

"பாத்தீங்களா லைலா மச்சி, இதுக்குத்தான் நாங்க குடி பாத்து எடுக்கிற. ராத்தாட வகுறு நல்லதெண்டா தங்கச்சிட வகுறும் நல்லதுதான்."

லைலாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. மகளின் முகத்தைப் பார்க்காததால்தான் குளிர்ந்தது. பலகாரத் தட்டை எடுத்து நீட்டினாள். ஹுஸ்னியா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வந்தவர்கள் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சிவரூபினி மிஸ்தான் விடுகிற ஆளாக இல்லை. நாளுக்கு மூன்று தடவை ஃபோன் அடித்தாள். திங்கட்கிழமை ஸ்கூட்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டபோதே லைலா மூத்தவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் புது வீட்டுக் குளியலறைக்குள் விட்டாள். நதீரா அங்கே தரை கழுவிக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் சத்தம் போடப்படா" என்று கதவை இழுத்துவிட்டு முற்றத்துக்கு வந்தாள்.

"புள்ள எங்கக்கா?"

"போயிட்டா மிஸ். சனிக்கிழமை சுபஹோட, விடியமுந்தியே போயிட்டா. எண்ட தம்பிட பொஞ்சாதி கூட நிக்கா."

"உண்மையாவா? ஃபோன் எடுக்கிறா இல்லையே."

"வார்ட்டுக்குள்ள ஃபோன் எடுக்க விடுறல்லயாம். நேத்து என்னோட கதச்சவ. நல்லாப் பாக்கிறாங்களாம்."

சிவரூபினி ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்தாள். உண்மையில் அழுதுவிடுவாள் போலிருந்தது.

"அப்பாடா. நாலு நாளா எனக்கு நித்திரையில்லக்கா. இண்டைக்கும் போகல்லயெண்டா பெரியவங்களோட வந்து ஏத்திக்கொண்டு போறெண்டுதான் வந்தனான். கடவுள் காப்பாத்துவார். இனிப் பயமில்ல."

"இரிங்க மிஸ், தொதல் கிண்டின. புள்ளையளுக்குக் கொண்டு போங்க."

அந்த இனிப்பைப் பெரிய துண்டாக வெட்டி வாழையிலையில் சுற்றிக் கொடுத்தாள். சிவரூபினி சந்தோசமாக வாங்கிக்கொண்டு போனாள். அந்தப் பிள்ளைக்கு இருந்த கடைசி ஆள் அப்படித் தொதலோடு அனுப்பப்பட்டாள்.

லைலா புது வீட்டுக்குத் திரும்பியபோது குளியலறைக்குள் நதீராவின் அழுகை கேட்டது. ஹுஸ்னியா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். லைலா கதவடியில் நின்றுகொண்டாள்.

"போங்க ராத்தா. இப்பவே போங்க. எனக்கு இந்தக் கலியாணம் வேணாம்."

நதீரா அதை இரண்டு தடவை சொன்னாள். இரண்டு தடவையும் மெதுவாகவே சொன்னாள். தாய்க்குக் கேட்கும்படி சொல்லவில்லை, கதவைத் திறந்துகொண்டு வந்து சொல்லவில்லை, அர்ஹமுக்கு ஃபோன் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தும்புத்தடியால் தரை தேய்க்கிற சத்தம் மறுபடி கேட்டது. லைலாவுக்கு நிம்மதியாக இருந்தது.

வியாழன் காலை பத்து மணிக்கு, நதீராவுக்குச் சாரி கட்டிக்கொண்டிருக்கும்போது, ஹுஸ்னியா தாயை அறைக்குள் கூப்பிட்டாள். நெற்றி வேர்த்திருந்தது.

"உம்மா, சுபஹிலருந்து குத்துது. இப்ப தண்ணி போன மாதிரி இரிக்கி."

லைலா பாவாடையைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். அவள் கல்லில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். வேனை வரச்சொல்லுவோம் என்று ஃபோனைக்கூட எடுத்தாள். வெளியே பந்தலில் இருநூறு பேருக்குக் கதிரை போட்டிருந்தது. முஸ்தாக்கின் உம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். லைலா ஃபோனை இடுப்பில் செருகினாள்.

"பதினொண்டரைக்குப் பள்ளிவாசல்ல நிக்காஹ். லுஹர் தொழுதிட்டு மாப்புள வந்திருவாரு. மாப்புளக்கி மச்சி நீதான் பால் பழம் குடுக்கோணும், அது முடிஞ்ச கையோட பின்வாசலால போவம். ரெண்டு மணித்தியாலம். முத நோவு நாளெல்லாம் நிக்கும் மகள், நான் ரெண்டு பெத்தவள்."

"உம்மா, வெளியில இரிக்கிற குடலு... நோவில அது என்னவும் ஆகிருமே."

"வாய மூடு. ஆக்கள் நிக்காங்க."

துவாய் ஒன்றை மடித்து வைத்துக் கட்டிவிட்டாள். மேலே கருநீல அபாயாவைப் போட்டுவிட்டாள், ஈரம் தெரியாத நிறம். ஹுஸ்னியா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நோவு வருகிறபோதெல்லாம் மேசை விரிப்பின் நுனியைக் கடித்தாள்.

மாப்பிள்ளை வந்தது ஒன்றரைக்கு. பெண்கள் குரவை போட்டார்கள். இந்தப் பகுதிக் குரவை தெரு முழுக்கக் கேட்கும், அதற்குள் ஒரு பெண் முனகினால் யாருக்கும் கேட்காது. ஹுஸ்னியா பால் கிண்ணத்தோடு வந்து அர்ஹமுக்கு முன் நின்றாள். கரண்டி சரிந்து பால் அவன் மடியில் சிந்தியது.

"ராத்தாக்குச் சுகமில்லையா?" என்று அர்ஹம் கேட்டான். நல்ல பிள்ளை, கவனித்திருந்தான்.

"வெக்கை மகன், பந்தலுக்குள்ள ஒரே வெக்கை" என்றாள் லைலா. கிண்ணத்தை வாங்கி மிச்சப் பாலை அவளே பருக்கினாள்.

பின்வாசலில் சமையல்காரர் சோற்றுக் கிடாரங்களைப் பரப்பியிருந்தார்கள், முன்வாசலில் மாப்பிள்ளை வீட்டு வாகனங்கள். சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி ஆறு பேர் ஆறு பேராக உட்கார்ந்து சாப்பிட்டு எழும்பி, துஆ ஓதி, றஹ்மத்தும்மா விடைபெற்று வாகனங்கள் விலகும்போது மூன்றே கால். தம்பி றஸாக்கின் த்ரீவீலில் ஹுஸ்னியாவை ஏற்றியபோது அவளால் உட்கார முடியவில்லை, முழங்காலில் நின்றுகொண்டு போனாள். கண்டிக்கில்லை, பக்கத்து ஆசுபத்திரிக்கு.

நாலு மணிக்குப் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. அழுதது, ஆனால் பலமாக இல்லை. இளம் டொக்டர் ஒருவர் வெளியே ஓடிவந்தார்.

"நீங்கதான் தாயா? கார்ட்டில கண்டிக்குப் போகச் சொல்லி எழுதியிருக்கே? ஏன் போகல்ல? குடல் முறுகிக் கறுத்துப்போய்க் கிடக்குது. எப்ப தொடங்கின நோவு?"

"இப்பத்தான் டொக்டர், அரை மணித்தியாலம் இருக்கும்."

"துண்டு தந்தாங்களா இல்லையா?"

"எங்களுக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியா டொக்டர்" என்றாள் லைலா. டொக்டர் அவளைப் பார்த்த பார்வையில் ஏச்சு இருந்தது, ஏச நேரமில்லை.

அம்புலன்சில் தாதியோடு லைலா போனாள். பிள்ளையின் நெஞ்சு வரைக்கும் தெளிந்த பொலித்தீன் உறை, உறைக்குள் கறுத்த சுருள். முகம் மட்டும் முழுசாக, அழகாக இருந்தது. முஸ்தாக்கின் மூக்கு, ஹுஸ்னியாவின் நெற்றி. தாதி விட்டதால் லைலா தன் சுண்டுவிரலை அந்தக் கைக்குள் வைத்தாள். பிள்ளை இறுக்கிப் பிடித்தது. லைலாவுக்கு அந்த நேரத்தில் அந்தப் பிள்ளையின் மேல் வந்த ஆசைக்கு அளவில்லை. நதீரா, றஹ்மத்தும்மா, புது வீடு எல்லாவற்றையும் கொடுத்துவிட அவள் தயாராக இருந்தாள். வாங்கத்தான் ஆளில்லை. அம்பாறையைத் தாண்டினார்கள். மகாஓயா வருமுன்பே விரலை விட்டுவிட்டது.

தாதி வெகுநேரம் நெஞ்சை அமுக்கிப் பார்த்தாள். பிறகு சாரதியிடம் திரும்பச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அடக்கம். முஸ்தாக் கட்டாரிலிருந்து அழுதுகொண்டே யஹ்யா என்று பெயர் வைத்தான். குளிப்பாட்ட வந்த பெண்களை லைலா அறைக்குள் விடவில்லை. "எண்ட பேரன், நானே செய்றன்" என்று கதவைப் பூட்டினாள். இவ்வளவு பாசமா என்று வெளியே நின்ற பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். உள்ளே லைலா வயிற்றைப் பஞ்சு வைத்து மூடி, யாரும் விரித்துப் பார்க்க முடியாதபடி கபன் துணியை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினாள். மூச்சுத் திணறல் என்று வெளியே வந்து சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள்.

ஹுஸ்னியாவைச் சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். ஞாயிறு காலை அவளுக்குப் பால் கட்டியது. நெஞ்சு கல்லாகி, தொட்டாலே துடித்தாள். மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பார்கள். நதீராவின் தலைக்கு வாங்கியதில் மிச்சம் பனிப்பெட்டியில் கிடந்தது. லைலா அதை எடுத்து வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். ஹுஸ்னியா மூன்று நாளாக ஒரு வார்த்தை கதைக்கவில்லை. லைலா சோற்றை நீட்டினால் தின்றாள், திரும்பிப் படுக்கச் சொன்னால் படுத்தாள்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பெண்கள் வந்து கூடினார்கள். பாய் விரித்து ஓதி முடித்துத் தேத்தண்ணி குடித்தார்கள். றஹ்மத்தும்மா கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தாள். பின்னால் புது மணப்பெண் நதீரா, கையில் மருதாணி சிவந்து நின்றது.

"அல்லாஹ்ட நாட்டம் மகள்" என்றாள் றஹ்மத்தும்மா. "கவலப்படப்படா. சின்னதில போன புள்ள மறுமையில உம்மாட கையப் புடிச்சிக் கூட்டிக்கொண்டு போகும். நாம என்ன செய்யேலும்? எல்லாம் எழுதின எழுத்து."

"ஓம், எழுதின எழுத்து" என்றாள் லைலா.

"ஒண்டு நல்ல காரியம், நிக்காஹ் முடிஞ்ச பொறகு நடந்திச்சு. ரெண்டு நாள் முந்தியெண்டா மௌத்து வூட்டில எப்பிடிக் கலியாணம்?"

ஹுஸ்னியா எழும்பி உட்கார்ந்தாள். மெதுவாகத்தான் எழும்பினாள், குரலும் தெளிவாகத்தான் இருந்தது.

"எழுத்து இல்ல மாமி. உம்மா எட்டு நாள் கேட்டா. நான் குடுத்தன்."

தேத்தண்ணிக் கோப்பைகள் நின்றன.

"என்ன எட்டு நாள் மகள்?"

"எண்ட புள்ளைக்கிக் குடல் வெளியில இருந்த. ஸ்கேன்ல பாத்துச் சொன்னாங்க. கண்டியில பொறந்திருந்தா உசிரோட இருப்பான். நீங்க குடி பாப்பீங்களெண்டு உம்மா என்னப் போக விடல்ல. நான் நோவோடதான் ஒங்கட மகனுக்குப் பால் பழம் குடுத்தன்."

றஹ்மத்தும்மா மெல்லத் திரும்பி லைலாவைப் பார்த்தாள். முப்பது வருசத்துக்கு முன் வாசலோடு திரும்பிய மூன்று மாப்பிள்ளைமாரின் உம்மாக்களும் அப்படித்தான் பார்த்தார்கள்.

லைலா எழுந்துபோய் மகளின் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் நெஞ்சில் சாய்த்தாள்.

"யா அல்லாஹ், எண்ட புள்ளைக்கிப் புத்தி தடுமாறிப் போச்சே" என்று அழுதாள். அழுகை உண்மை, வார்த்தைதான் பொய். "நேத்து ராவும் இப்பிடித்தான் மச்சி, குடலெண்டா, கண்டியெண்டா. கையாலதானே குளிப்பாட்டினன், எண்ட பேரன் தங்கம் போல முழுசா இருந்தானே."

ஹுஸ்னியா தாயின் பிடிக்குள்ளிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"நதீரா, நீ சொல்லு. ஒனக்குத் தெரியும். சொல்லு."

எல்லோரும் நதீராவைப் பார்த்தார்கள். நதீரா மாமியைப் பார்த்தாள், உம்மாவைப் பார்த்தாள், கடைசியாகத் தன் கையைப் பார்த்தாள்.

"படுங்க ராத்தா" என்றாள். "சும்மா ஒண்ணொண்ணும் யோசிக்காதீங்க."

அறைக்குள் மூச்சு திரும்பி வந்தது. பேறுகாலத்துப் பெண்களுக்கு இப்படி வருகிறதுதான் என்று ஒருத்தி சொன்னாள். பிள்ளையும் போனால் கேட்கவா வேண்டும் என்றாள் மற்றவள். றஹ்மத்தும்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலொன்றை எடுத்தாள்.

"பள்ளி லெப்பைட்ட ஓதி எடுத்த தண்ணி மச்சி. வரக்குள்ளயே மனசு சொல்லிச்சு. மூணு மொடறு பருக்குங்க, நெஞ்சு லேசாகும்."

இரண்டு பெண்கள் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். ஹுஸ்னியா வாயை இறுக்கி மூடியிருந்தாள். லைலா கோப்பையை உதட்டில் வைத்தாள், தண்ணீர் கழுத்தில் வழிந்து நெஞ்சுக் கட்டை நனைத்தது. அங்கே ஏற்கெனவே பால் நனைத்திருந்தது.

"வாயத் தொற மகள்."

ஹுஸ்னியா தாயின் கண்ணை நேரே பார்த்தாள். அப்படியே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தாள். லைலா ஒரு மிடறு, இரண்டு மிடறு, மூன்று மிடறு பருக்கினாள்.

"பாருங்க, எப்பிடி அமத்தலாயிட்டா" என்றாள் றஹ்மத்தும்மா. "பெத்த உம்மாட கையால குடுத்தா எல்லாம் சுகமாகும்."

"ஓம் மச்சி" என்றாள் லைலா.